சுண்டெலியின் இதயத்துடிப்பும் மனிதனின் நோயும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மாணவன் சாசனங்களையும் ஏடுகளையும் நாணயங்களையும் தன் மூலாதாரங்களாகக் கொள்வான். ஓர் ஆதாரம் கைக்குக் கிட்டியதும் அவன் எழுப்பும் வினாக்கள் மூன்று. இதனைப் பொறித்தது எக்கருவி? எத்தகைய சூழ்நிலையிலே பொறிக்கப்பட்டது? இது யாரைப் பற்றிச் சான்று பகரும் தகுதியுடையது? அரசர்களின் மெய்க்கீர்த்திகளை நோக்கி நாம் கேட்கும் இவ்வினாக்களை ஆய்வுகூடத்திலே தோன்றும் ஆதாரங்களை நோக்கியும் கேட்கலாம். ஈ.சி.ஜி. என்று வைத்தியசாலைகளில் வழங்கும் இதய மின்வரைபும் ஒரு சாசனமே. அதனை எழுதுவது இதயம். எழுதுகோலைச் செய்து கொடுத்தவன் மனிதன்.

இன்று இதய நோய்களின் காரணங்களை அறிய முயல்வோர் பெரிதும் நாடுவது சுண்டெலியின் இதயமாகும். மனித நோயை ஒத்த நோயைச் சுண்டெலியில் உண்டாக்கி, அதன் துடிப்பொழுங்கை நாட்கணக்கிற் பதிவு செய்து, அப்பதிவிலிருந்து மனிதனுக்குரிய முடிவுகளைப் பெறுகின்றனர். இருபத்தைந்து கிராம் நிறையுள்ள ஒரு பிராணி மனிதனுக்காகச் சான்று பகரும் நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதையும், அச்சான்றினை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவளையும் நாயும்

இதயத்தின் ஒவ்வொரு துடிப்போடும் மின்னோட்டம் ஒன்று தோன்றுகின்றது என்னும் உண்மை முதலில் விலங்குகளிலேயே காணப்பட்டது. 1856ஆம் ஆண்டு ஜேர்மனியிலே கொலிக்கர், முல்லர் ஆகிய இருவரும் தவளையின் காற்றசையை அதன் நரம்போடு பிரித்தெடுத்து, அந்நரம்பைத் துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் மீது வைத்தனர். இதயம் துடிக்குந்தோறும் தசையும் துள்ளியது. மின்னை அளக்கும் நுண்கருவி இல்லாத காலத்தில் தசையே கருவியாயிற்று.

அடுத்த படியாக அமைந்தது பிரான்சிய பௌதிக அறிஞர் லிப்மன் 1870களில் ஆக்கிய மயிர்த்துளை மின்மானி. நுண்ணிய கண்ணாடிக் குழாயினுள் இருக்கும் இரசம் மின்னழுத்த மாற்றத்திற்கேற்ப ஏறி இறங்கும். அந்த அசைவினை ஒளிப்படத் தகட்டிலே பதித்தால் அது ஒரு கோடாகும். இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய அகஸ்ரஸ் வோலர் 1887இல் இக்கருவியைக் கொண்டு, மார்பைத் திறவாமலே மனித இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். மனித இதய மின்வரைபுகளில் முதலாவதாக இதுவே கொள்ளப்படுகின்றது.

வோலர் தம் விளக்கங்களிலே ஜிம்மி என்னும் தமது வளர்ப்பு நாயையும் பயன்படுத்தினார். உப்புநீர் நிரப்பிய பாத்திரங்களில் நாய் கால்களை வைத்து நிற்க, அதன் இதயத்தின் மின்னோட்டம் கருவிக்குச் சென்றது. 1909இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் இது காட்டப்பட்டபோது, விலங்கு வதைத் தடைச் சட்டம் மீறப்பட்டதோ என்று பிரித்தானியப் பொதுச்சபையிலே வினா எழுந்தது. நாய் நின்றது சோடியம் குளோரைட்டு, அதாவது சாதாரண உப்பு, கலந்த நீரிலேயே என்றும், கடலிற் கால் நனைத்தவர்கள் அவ்வுணர்வை அறிவர் என்றும் உள்நாட்டமைச்சர் கிளாட்ஸ்ரன் விடையிறுத்தார்.

இந்நிகழ்ச்சியை வேடிக்கையாக மட்டும் கொள்ளலாகாது. விலங்கினைத் துன்புறுத்தாமற் பெறப்படும் பதிவு, துன்புறுத்திப் பெறப்படும் பதிவிலும் நம்பத்தக்கது என்னும் கருத்து இதன்கண் கருவாக இருந்தது. அச்சமுற்ற இதயம் வேறு வேகத்திலே துடிக்கும். ஆகவே, விலங்கின்பாற் காட்டும் இரக்கமும் ஆதாரத்தின் தூய்மையும் ஒரே திசையிலே செல்வன. அறிவியலாளர் இதனை முழுமையாக உணர மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

ஐன்தோவனின் இழை

மயிர்த்துளை மின்மானியின் பெருங்குறை அதன் மந்தமாகும். இரசம் தன் கனத்தினால் விரைவான மாற்றங்களைப் பின்தொடர இயலாது தயங்கியது. இக்குறையை நீக்கியவர் வில்லெம் ஐன்தோவன். அன்று ஒல்லாந்தரின் ஆட்சிக்குட்பட்டிருந்த யாவாவின் செமராங் நகரிலே 1860இற் பிறந்த இவர், ஒல்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக விளங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் பி, கியூ, ஆர், எஸ், ரி என்னும் அலைப்பெயர்கள் இவர் இட்டவையே.

1901இல் ஐன்தோவன் தமது இழைக் கல்வனோமானியைப் பற்றி எழுதினார். வலிமை மிக்க மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே வெள்ளி பூசிய மிக மெல்லிய படிக இழை ஒன்று தொங்கும். இதய மின்னோட்டம் அதனூடு செல்லும்போது இழை அசையும். அதன் நிழல் ஓடும் ஒளிப்படத் தகட்டிலே விழும். இழை நுண்ணியதாயினும் கருவி பிரமாண்டமானது. ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடைய அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. நோயாளரை ஆய்வுகூடத்திற்குக் கொண்டுவருதல் அரிதாகவே, 1905இல் வைத்தியசாலையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திற்குக் கம்பி மூலம் இதயத்தின் செய்தி ஆய்வுகூடத்திற்குக் கொண்டுவரப்பட்டது. உடல் ஓரிடத்தும் பதிவு பிறிதோரிடத்தும் இருக்கலாம் என்னும் எண்ணம் இங்கேதான் செயலுருப் பெற்றது. 1924இல் ஐன்தோவனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிற்றிதயத்தின் வேகம்

சுண்டெலி இவ்வரலாற்றிலே புகுவது ஏறத்தாழ இக்காலத்திலேயே. ஒக்ஸ்போட்டிற் பணியாற்றிய புளோரன்ஸ் பியூக்கனன் என்னும் பெண் உடற்றொழிலியலாளர் சிறு பறவைகள், சிறு முலையூட்டிகள் ஆகியவற்றின் இதயத்துடிப்பை அளப்பதில் ஈடுபட்டு, 1908இற் சுண்டெலியின் துடிப்பு வேகம் பற்றி எழுதினார். பிரித்தானிய உடற்றொழிலியற் சங்கத்தில் 1915 வரை பெண்களுக்கு அங்கத்துவம் வழங்கப்படவில்லை. அவ்வாண்டு சேர்க்கப்பட்ட முதற் பெண்களுள் இவரும் ஒருவர். தம் துறையின் வாயிலில் நிற்கவேண்டியிருந்த ஒருவர், பிறர் பொருட்படுத்தாத ஒரு சிற்றுயிரின் இதயத்தைச் செவிமடுத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்த இதயத்தைப் பதிவு செய்வதில் உள்ள இடர்ப்பாடுகளைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஓய்ந்திருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்திற்கு அறுபது முதல் எண்பது தடவை துடிப்பது. விழித்திருக்கும் சுண்டெலியின் இதயமோ 500 முதல் 700 தடவை துடிக்கின்றது. மனித இதயம் ஏறத்தாழ 300 கிராம். சுண்டெலியினது ஒரு கிராமில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு. இதயவறைகள் கிளர்ச்சியுறுவதைக் காட்டும் அலைத்தொகுதி மனிதனில் ஒரு செக்கனின் பத்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் நீடிக்க, சுண்டெலியில் அது நூற்றிலொரு பங்களவினுள் முடிந்துவிடும். மனிதனுக்கென அமைந்த கருவி சுண்டெலியின் அலைகளை மழுங்கச் செய்து பொய்யுருவம் காட்டிவிடும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலத்திரன் கருவிகள் விருத்தியுற்றபோது இவ்விடர் குறைந்தது. 1952இல் லொம்பாட் என்பார் சிறு முலையூட்டிகளின் இதய மின்வரைபுகளை வெளியிட்டார். 1953இல் ரிச்சட்ஸ், சைமன்சன், விசர் ஆகியோர் வளர்ந்த சுண்டெலிகளையும் பிறந்த குஞ்சுகளையும் ஆராய்ந்து, குளிர், ஒட்சிசன் குறைவு, பொற்றாசியம் என்பவை பதிவினை எவ்வாறு மாற்றுகின்றன என்று காட்டினர். 1968இல் கோல்ட்பாக் முதலியோர் இயல்பான சுண்டெலியின் வரைபினை அதன் பரம்பரைக் கூறுகளோடு இணைத்து நோக்கினர். ஆயினும் இவையெல்லாம் பெரும்பாலோரின் கவனத்தை ஈர்க்கவில்லை. இதய ஆய்வின் நடுவிடத்தில் நாயே இருந்தது.

இதற்குக் கொள்கையளவிலும் ஒரு காரணம் உண்டு. 1914இல் கரே என்னும் அமெரிக்க அறிஞர், இதயவறை ஒழுங்கிழந்து நடுங்கும் நிலை நீடிப்பதற்குக் குறிப்பிட்டதோர் அளவு தசைத்திணிவு இன்றியமையாதது எனக் கூறினார். சுண்டெலியின் இதயம் அவ்வளவினைக் கொண்டதன்று எனக் கருதப்பட்டது. மனிதரைக் கணப்பொழுதிற் கொல்லும் அந்நிலை சுண்டெலியில் நீடிக்க இயலாதெனின் அதனை ஆராய்வதில் என்ன பயன் என்பதே அன்றைய எண்ணம். 1999இலேயே தனித்தெடுத்த சுண்டெலி இதயத்திலும் அத்தகைய நடுக்கம் நீடிக்கக்கூடும் என ஜலீவ் குழுவினரின் ஆய்வு காட்டியது.

பரம்பரையலகும் நோயும்

பின்தள்ளப்பட்டிருந்த சுண்டெலியை முன்னிறுத்தியது இதயவியல் அன்று, பரம்பரையியலே. கிளாரன்ஸ் லிட்டில் என்னும் அமெரிக்கர் 1921இல் உருவாக்கிய உள்ளினக் கலப்புச் சுண்டெலி வகை இன்றும் ஆய்வுகூடங்களிலே பரவலாக வழங்குகின்றது. அவர் 1929இல் மெயின் மாநிலத்திலே தாபித்த ஜாக்சன் ஆய்வுகூடம் 1947இல் நிகழ்ந்த பெருந்தீயில் தன் சுண்டெலிகளிற் பெரும்பகுதியை இழந்தபோது, முன்பு அங்கிருந்து சுண்டெலிகளைப் பெற்றிருந்த ஆய்வாளர் அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பி அனுப்பி உதவினர்.

1980களின் இறுதியில், தெரிந்தெடுத்த ஒரு பரம்பரையலகைச் சுண்டெலியில் மாற்றியமைக்கும் முறை கைவந்தது. இதற்காகக் கப்பெச்சி, இவான்ஸ், ஸ்மிதீஸ் ஆகிய மூவரும் 2007இல் நோபல் பரிசு பெற்றனர். இம்முறை இதய நோய்க்கு எவ்வாறு பொருந்திற்று என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாகாணத்துக் குடும்பம் ஒன்றின் வரலாறு தக்க சான்றாகும். இதயத் தசை தடித்துத் திடீர் மரணம் விளையும் நோய் இக்குடும்பத்திலே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததை 1961இல் மருத்துவர்கள் விவரித்தனர். 1989இல் அந்நோய்க்குரிய இடம் பதினான்காம் நிறமூர்த்தத்திலே இருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு மயோசின் என்னும் தசைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோவமிலம் மாறியிருப்பதே காரணமெனக் கண்டறியப்பட்டது. 1996இல் அதே மாற்றம் சுண்டெலியில் உண்டாக்கப்பட்டது. 1997இல் அச்சுண்டெலிகளின் இதய மின்னியல் பெருல் முதலியோரால் ஆராயப்பட்டு, அவற்றிலும் துடிப்பொழுங்கின்மை காணப்பட்டது.

ஒரு குடும்பத்தின் துயரம் முப்பத்தைந்து ஆண்டுகளில் ஓர் ஆய்வுகூட விலங்கின் உடலிலே எழுதப்பட்டது. ஆயின் அவ்வெழுத்து மூலத்தின் நேர்ப்படியன்று. மனித இதயவறையிலே மிகுந்திருப்பது மயோசினின் பீற்றா வகை. சுண்டெலியினதில் மிகுந்திருப்பது அல்பா வகை. எனவே மனிதனில் பீற்றா வகையில் நேர்ந்த விகாரத்தைச் சுண்டெலியில் அல்பா வகையிலே செய்ய நேர்ந்தது. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பழகியவர்கள் இத்தகைய பாடபேதத்தின் முக்கியத்துவத்தை எளிதில் உணர்வர்.

கட்டவிழ்ந்த சுண்டெலி

நோயுற்ற சுண்டெலி கிடைத்தபின் அதன் இதயத்தை எவ்வாறு செவிமடுப்பது என்னும் பிரச்சினை எழுந்தது. மயக்கமருந்து கொடுத்துப் படுக்கவைத்துப் பதிவு செய்தால் துடிப்பு வேகம் பெரிதும் வீழ்ந்துவிடும். உடல் வெப்பமும் தாழும். கையிற் பிடித்துப் பதிவு செய்தால் அச்சத்தால் வேகம் உயரும். இவ்விருவகைப் பதிவும் சுண்டெலியின் இயல்பைக் கூறுவனவல்ல. ஆய்வாளன் அதற்குச் செய்ததையே கூறுவன.

இதற்கான தீர்வு மனிதனிலே தொடங்கியது. அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தவரான நோமன் ஹோல்ரர் 1940களின் இறுதியில், ஏறத்தாழ 38 கிலோகிராம் நிறையுள்ள வானொலிக் கருவியை முதுகிற் சுமந்து, உடற்பயிற்சி செய்தவாறே இதயத்தின் செய்தியை அனுப்பிக் காட்டினார். 1961இல் அவர் தமது முறையை விரிவாக வெளியிட்டபோது கருவி மிகச் சிறுத்திருந்தது. 1990களிலோ நான்கு கிராமுக்கு மேற்படாத செலுத்திகள் ஆக்கப்பட்டு, சத்திரசிகிச்சை மூலம் சுண்டெலியின் உடலினுள் வைக்கப்பட்டன. காயம் ஆறியபின் அது தன் கூட்டிலே உண்டும் உறங்கியும் ஓடியும் திரிய, கூட்டின் கீழுள்ள வாங்கி இரவும் பகலும் அதன் துடிப்பைப் பதிவு செய்தது. லைடனில் 1905இல் தோன்றிய எண்ணத்தின் முதிர்ச்சியாகவே இதனைக் கருதல் வேண்டும்.

1998இல் பொஸ்ரனைச் சேர்ந்த மிச்சல், ஜெரொன், கோரன் ஆகியோர் விழித்திருக்கும் சுண்டெலியின் துடிப்பு வேகத்தையும் கியூ-ரி இடைவெளியையும் இவ்வாறு அளந்தனர். இதயவறை கிளர்ச்சியுற்று மீண்டும் அமைதியுறும் வரையான நேரமே கியூ-ரி இடைவெளி. அது துடிப்பு வேகத்தோடு மாறுவதாகையால், வேகத்துக்கேற்பத் திருத்தும் சூத்திரம் ஒன்றை 1920இற் பாசெற் மனிதனுக்காக வகுத்திருந்தார். மனிதனில் ஒரு துடிப்புக்கு ஒரு செக்கன் என்பது அளவுகோல். சுண்டெலிக்கு அதனை நூறு மில்லிசெக்கன் எனப் பொஸ்ரன் ஆய்வாளர் மாற்றியமைத்தனர். விழித்திருக்கும் சுண்டெலியில் இவ்விடைவெளி வேகத்தோடு அவ்வளவாக மாறுவதில்லை என்றும், சூத்திரமே பொருந்தாதென்றும் பிற்கால ஆய்வுகள் வாதிட்டன. பிற நாட்டு மன்னர்க்கென வகுத்த காலவரிசையை நம் நாட்டு மன்னர்க்கு இழுத்துப் பொருத்தும்போது நேரும் இடர்ப்பாடும் இத்தகையதே.

சுண்டெலி சொல்லாதவை

பதிவு தூயதாயினும் அது யாரைப் பற்றிச் சான்று பகரும் என்னும் மூன்றாம் வினா எஞ்சியிருக்கின்றது. மனித இதயவறை ஒவ்வொரு துடிப்பின் பின்னும் அமைதியுறுவதற்கு ஒருவகைப் பொற்றாசிய வாயில் பெரிதும் உதவுகின்றது. பல மருந்துகள் தற்செயலாக இவ்வாயிலை அடைத்துத் திடீர் மரணத்தை விளைத்தன. ஒவ்வாமைக்கு வழங்கப்பட்ட ரேர்பெனடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து 1998இல் நீக்கப்பட்டதும் இதனாலேயே. வளர்ந்த சுண்டெலியின் இதயமோ வேறு பொற்றாசிய வாயில்களையே பெரிதும் நம்பியிருக்கின்றது. ஆதலால் இத்தகைய மருந்தைச் சுண்டெலியிற் சோதித்தால் தீங்கொன்றும் தோன்றாதிருக்கலாம். சான்றாளன் பொய்யன் அல்லன். அவன் காணாததைப் பற்றி அவனிடம் கேட்டதே பிழை.

சூழ்நிலையும் இவ்வாறே. மனிதனுக்கு இதமான அறை சுண்டெலிக்குக் குளிரானது. அக்குளிரிலே உடல் வெப்பத்தைக் காப்பதற்காக அதன் இதயம் விரைகின்றது. அறையின் வெப்பம் முப்பது பாகை வரை உயருமாயின் துடிப்பு கணிசமாகக் குறைகின்றது. சுண்டெலியின் இயல்பான வேகம் என்று நாம் எழுதிவைத்த எண்ணில் அறையின் குளிரும் கலந்துள்ளது.

ஒரு மருந்தின் இரு வரலாறுகள்

அவ்வாறாயின் சுண்டெலியின் சான்றினாற் பயனில்லையோ எனின், அன்று. பிளெக்கெயினைட் என்னும் மருந்தின் வரலாறு இதனை விளக்கும். மாரடைப்பிலிருந்து தப்பியவர்களிடம் தோன்றும் மிகைத்துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று 1980களில் நம்பப்பட்டது. இந்நம்பிக்கையைச் சோதிக்க அமெரிக்காவில் நிகழ்ந்த பெரும் ஆய்வில் பிளெக்கெயினைட்டும் என்கெயினைட்டும் மிகைத்துடிப்பை நன்கு அடக்கின. ஆனால் மரணங்கள் பெருகின. 1989இல் இம்மருந்துகள் சம்பந்தப்பட்ட பகுதி இடையிலே நிறுத்தப்பட்டது. 1991இல் வெளிவந்த முடிவின்படி, மருந்துண்ட 755 பேரில் 63 பேரும், வெற்றுமாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். வரைபிலே கோடு திருந்தியது, மனிதன் இறந்தான். கோட்டையே நோயெனக் கொண்டதன் விலை இது.

இரண்டாம் வரலாறு சிறுவர்களைப் பற்றியது. ஓடும்போதோ உணர்ச்சிவசப்படும்போதோ மயங்கிவீழ்ந்து சிலவேளை இறந்துவிடும் பிள்ளைகளின் பரம்பரை நோயொன்றைப் பிரான்சிய வைத்தியர் கூமெல் முதலியோர் 1978இல் விவரித்தனர். ஓய்விலே எடுக்கும் மின்வரைபு இப்பிள்ளைகளில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். படுக்கவைத்து எடுத்த பதிவு அவர்களைப் பற்றி யாதும் கூறாது. 2001இல் இஸ்ரவேலின் வட பகுதியில் வாழும் பெடூயின் குடும்பங்கள் சிலவற்றில் கல்செக்குவெஸ்ரின் என்னும் கல்சியம் பிணைக்கும் புரதத்தின் பரம்பரையலகில் விகாரம் கண்டறியப்பட்டது. 2006இல் நொல்மன் குழுவினர் அப்புரதம் அற்ற சுண்டெலியை உருவாக்கினர். அதுவும் ஓய்விலே இயல்பாக இருந்து, உடலுழைப்பிலும் கிளர்ச்சியிலும் ஒழுங்கிழந்தது.

2009இல் வத்தனபே, நொல்மன் முதலியோர் அச்சுண்டெலிகளில் பிளெக்கெயினைட் துடிப்பொழுங்கின்மையைத் தடுத்ததைக் கண்டனர். வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத இரு நோயாளரிலும் அது பயன்பட்டதை அதே வெளியீட்டிற் காட்டினர். 2017இல் 14 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஒப்பீட்டாய்வு, வழக்கமான சிகிச்சையோடு இதனைச் சேர்ப்பதன் பயனை உறுதிப்படுத்தியது. மருந்து எவ்வாயிலில் தொழிற்படுகின்றது என்பது பற்றி அறிஞரிடையே நீண்ட விவாதம் நிகழ்ந்தபோதிலும் அதன் பயன் ஐயத்திற்கிடமின்றி நிலைத்தது. ஒரு கூட்டத்தாரைக் கொன்ற மருந்து மற்றொரு கூட்டத்தாரைக் காத்தது. ஒருவர்க்குரிய நோய் மற்றவர்க்குரியதன்று என்பதைப் பிரித்தறியச் சுண்டெலி துணைநின்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் இரு கருத்துக்கள் பெறப்படும். முதலாவது, பதிவுக்கருவியின் வரலாறு விலங்கினை விடுவித்த வரலாறுமாகும். பிரித்தெடுத்த தசையிலிருந்து உப்புநீரில் நின்ற நாய்க்கும், அதிலிருந்து கூட்டினுள் ஓடித்திரியும் சுண்டெலிக்கும் வந்துள்ளோம். 1959இல் ரசல், பேர்ச் ஆகிய ஆங்கில அறிஞர் இருவர், விலங்குகளுக்குப் பதிலீடு காணல், தொகையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். ஒரே சுண்டெலியை வாரக்கணக்கிற் பதிவு செய்ய முடிவதால் வேண்டிய தொகை குறைகின்றது. எனினும் கட்டவிழ்ந்த அச்சுண்டெலியின் உடலினுள் கத்தி வைத்தே செலுத்தி புகுத்தப்பட்டது என்பதையும், நோயோடு பிறக்குமாறு அது மனிதனால் விதிக்கப்பட்டது என்பதையும் மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. 1909இல் எழுந்த வினாவிற்கு உப்புநீரைச் சுட்டிக்காட்டி விடையிறுக்க முடிந்தது. இன்றைய வினாவிற்கு அத்தகைய எளிய விடை இல்லை. பெறப்பட்ட சான்றினை வீணாக்காதிருத்தலே அவ்வுயிருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்சக் கடப்பாடாகும்.

இரண்டாவது, சான்று எத்துணைத் தூயதாயினும் அதன் எல்லையை அறிந்தவனுக்கே அது பயன்தரும். பிளெக்கெயினைட்டின் முதல் வரலாற்றிலே பிழைத்தது கருவியன்று, வாசிப்பே. கல்லெழுத்தை வாசிப்பவனுக்கும் இதயத்தின் எழுத்தை வாசிப்பவனுக்கும் வேண்டப்படும் பண்பு ஒன்றே. எழுதப்பட்டதை வாசிக்கும்போதே, எழுதப்பட்ட நிலையையும் எழுதப்படாது விடப்பட்டதையும் அவன் உடன் வாசித்தல் வேண்டும். கலைப்பீடத்து மாணவன் அறிவியலின் வரலாற்றைக் கற்பதனால் எய்தும் பயனும், அறிவியல் மாணவன் வரலாற்றைக் கற்பதனால் எய்தும் பயனும் இவ்விடத்தே ஒன்றுபடுகின்றன.